சைகோனில் இரண்டு மோட்டார் சைக்கிள்கள்

என் மனைவிக்கு நான் ஏழு மாதங்கள் பொய்யாக மொழிபெயர்த்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் சைகோன், மோட்டார் சைக்கிள் என்று நான் தொடங்கும்போது, உல்லாசப் பயணம் போய்வந்தவன் கதை அளக்கிறான் என்று நினைத்துவிடுவீர்கள்.

ஒஸ்லோவில் அப்போது நாங்கள் அம்மருட் என்ற புறநகரில் எட்டாம் மாடியில் இருந்தோம். நானும் அவளும்தான், எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நான் பஸ் ஓட்டினேன். அவளுக்கு ஒரு முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை. பதினாறு வருடம் இருந்தும் நோர்வே மொழி அவளுக்கு நாக்கில் ஏறவில்லை. வாளிக்கும் துடைப்பத்துக்கும் மொழி தேவைப்படவில்லை, மற்ற எல்லாவற்றுக்கும் நான் இருந்தேன். வரிக் கந்தோர், வங்கி, பல் டொக்டர், எங்கே போனாலும் அவளுடைய வாய் நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது, மறைப்பானேன்.

மார்பில் வந்த கட்டியை வெட்டி எடுத்து, மருந்து ஏற்றி, தலைமுடியெல்லாம் கொட்டி, ஒரு வழியாகத் தப்பிவிட்டோம் என்று மூச்சு விட்ட நேரத்தில்தான் அது ஈரலுக்குப் போயிருப்பது தெரிந்தது. டொக்டர் ஒரு பெண். மொழிபெயர்ப்பாளர் ஒருவரைக் கூப்பிட்டுத்தான் சொல்லவேண்டும் என்று அவர் ஒற்றைக் காலில் நின்றார். நான் விடவில்லை. ஒஸ்லோவில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் என்றால் யார் வரப்போகிறார்கள்? நம்மவர்தான். வெளியே சொல்லமாட்டோம் என்று கையெழுத்துப் போட்டவர்கள்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனாலும் வெள்ளிக்கிழமை கோயிலில் அவர்கள் வீட்டு ஆள் ஒருவர் என் மனைவியை ஒரு மாதிரிப் பார்த்தால் போதாதா? "நான் கணவன், நானே சொல்லுகிறேன்" என்றேன்.

டொக்டர் நிதானமாக, நீளமாகச் சொன்னார். இனிக் குணப்படுத்த வழியில்லை என்றார். வேதனை வராமல் பார்த்துக்கொள்வோம் என்றார். மாதங்கள்தான், வருடக் கணக்கில்லை என்றார். எங்காவது போக ஆசையிருந்தால் இப்போதே போய்விடுங்கள் என்றும் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். அவளும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மருந்து மாத்தப் போகினமாம்," என்றேன்.

"இவ்வளவு நேரம் கதைச்சவ. வேறை என்ன சொன்னவ?"

"உடம்பு தேறி வருதாம். எங்கையாவது வெயில் நாட்டுக்குப் போட்டு வரட்டாம்."

"ஓம்," என்றாள். பிறகு டொக்டரைப் பார்த்துச் சிரித்து, அவளுக்குத் தெரிந்த நோர்வே மொழியில், நன்றி என்பதற்கு "தக்" என்றாள். டொக்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழாத குறை. எவ்வளவு தைரியமான பெண் என்று நினைத்திருப்பார். அந்த நல்ல மனிதரையும் சேர்த்து நான் ஏமாற்றிவிட்டேன்.

அது சமாதானப் பேச்சு நடந்த காலம். யாழ்ப்பாணத்துக்குப் பாதை திறந்திருந்தது. கோடை விடுமுறை வந்தால் ஒஸ்லோத் தமிழர் பாதிப் பேர் அங்கேதான் நின்றார்கள். நானும் "ஊருக்குப் போவமோ?" என்று கேட்டேன்.

"வேண்டாம். அங்கை போனால் எல்லாரும் வந்து என்ரை தலையைப் பாத்து அழுவினம். அவையளுக்கு ஆறுதல் சொல்லியே நான் களைச்சுப்போவன்."

"அப்ப எங்கை போறது?"

"வியட்நாமுக்கு."

"உமக்கென்ன விசரோ?" என்று கேட்டேன். பைத்தியமோ என்று அர்த்தம். அந்தச் சொல்லை நான் அவளிடம் வாழ்நாள் முழுவதும் சொல்லியிருக்கிறேன், அன்றைக்கும் வாய் அடங்கவில்லை.

அவளோடு வேலை செய்த பெண் ஒருத்தி சைகோன்காரி. படகில் தப்பி வந்தவள். இருவரும் சேர்ந்து ஒரே நடைவழியைத் துடைப்பார்கள், தேநீர் நேரத்தில் படம் பார்ப்பார்கள். யாரோ வீட்டுக் கல்யாண வீடியோவில் சைகோன் தெரு ஒன்று வந்திருக்கிறது. தெரு முழுக்க மோட்டார் சைக்கிள். என் மனைவிக்கு அது பிடித்துவிட்டது. "அந்தக் கூட்டத்துக்குள்ள நானும் ஒருக்காப் போகவேணும்," என்றாள். "இஞ்சை சனத்தைக் காணுறதெண்டால் உங்கடை பஸ்ஸிலதான் ஏறவேணும். ஏறினாலும் ஒருதரும் வாய் திறக்காயினம்."

போனோம். அங்கே வெளிநாட்டவரை மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏற்றி நகரத்தைச் சுற்றிக் காட்டும் ஆட்கள் இருக்கிறார்கள். ஹோட்டலில் சொல்லி ஒழுங்கு செய்தேன். காலை எட்டு மணிக்கு இரண்டு மோட்டார் சைக்கிள்கள் வாசலில் வந்து நின்றன. அவளுக்கு வந்தவள் முப்பது வயது மதிக்கத்தக்க பெண். முகத்தில் பூப்போட்ட துணி முகமூடி, கையில் முழங்கைவரை கையுறை. எனக்கு வந்தவர் என் வயதுக்காரர். வாயில் ஒரு பல்லுக்குத்தி, அதைத் தவிர அந்த வாயிலிருந்து நான் எதையும் காணவில்லை.

"ரெண்டு பேரும் ஒண்டில போகேலாதோ?" என்று மனைவி கேட்டாள்.

"ஓட்டுறவைக்கு இடம் வேண்டாமோ?"

"நீங்கள் ஓட்டுங்கோவன். பஸ்ஸே ஓட்டுறனீங்கள்."

"இந்த ரோட்டிலயோ? நல்ல கதை."

அவள் பஞ்சாபி உடுப்புத்தான் போட்டிருந்தாள். ஒரு பக்கமாக இருக்கப் பார்த்தவளை அந்தப் பெண் தடுத்து, இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காரச் சொன்னாள். தலையில் கட்டியிருந்த துணிக்கு மேல் ஹெல்மெட்டை வைத்து, தாடைக்குக் கீழே வாரை மெதுவாகப் பூட்டிவிட்டாள். என் மனைவி அவள் தோளைப் பிடித்தாள்.

பஸ் ஓட்டுகிறவனை அந்தத் தெருவில் பின்னால் உட்கார வைப்பது கொடுமை. ஒஸ்லோவில் யாராவது தெருவோரம் நின்று காலைத் தூக்கினாலே பிரேக் போடுகிறவன் நான். அங்கே சிவப்பு விளக்கு என்றால் ஒரு யோசனை மட்டும்தான். எதிர்ப்பக்கமாக வருகிறான், நடைபாதையில் ஏறி வருகிறான், ஒரு மோட்டார் சைக்கிளில் அப்பா அம்மா மூன்று பிள்ளைகள் போகிறார்கள், இன்னொன்றில் ஒரு குளிர்சாதனப் பெட்டி போகிறது. ஒருவன் தண்ணீர்ப் பைகளில் பொன்மீன்களைத் தொங்கவிட்டுக்கொண்டு எங்களை உரசிப் போனான். நான் இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்தே காலை நோகப்பண்ணிக்கொண்டேன். ஆனால் அவர்கள் யாரும் யாரையும் இடிக்கவில்லை, திட்டவும் இல்லை.

எனக்கு முன்னால் அவள் போய்க்கொண்டிருந்தாள். சந்தியில் நாலாபக்கமும் மோட்டார் சைக்கிள் வந்து மொய்த்தபோது அவள் பயப்படவில்லை. பக்கத்து மோட்டார் சைக்கிளில் நின்ற ஒரு குழந்தையின் காலைத் தொட்டாள். குழந்தையின் தாயும் சிரித்தாள். பிறகு என் மனைவி முன்னால் குனிந்து, ஓட்டுகிற பெண்ணின் காதோடு கதைக்கத் தொடங்கினாள். விட்டபாடில்லை. பூச்சந்தைக்குள் நுழைந்தபோதும் கதை, பாலத்தில் ஏறியபோதும் கதை. அவளுடைய ஆங்கிலம் கடைக்குப் போதும், டிவிக்குப் போதும். டொக்டரின் அறைக்குப் போதாது. அந்தப் பெண்ணின் ஆங்கிலமும் அதே அளவுதான். அதனால்தான் ஒட்டிக்கொண்டார்கள் என்று நினைத்தேன். எனக்குச் சந்தோசமாக இருந்தது. பொய் சொன்னது நல்லதாகப் போயிற்று, பார், எப்படிச் சிரிக்கிறாள் என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

கரும்புச்சாறு குடிக்க நிறுத்தினார்கள். அந்தப் பெண் முகமூடியைக் கழற்றினாள். கண் சிவந்திருந்தது. தூசி என்று நினைத்தேன். அவள் என் மனைவிக்குக் கொடுத்த குவளையிலிருந்த ஐஸைத் தானே கரண்டியால் எடுத்து வெளியே போட்டாள். என்னுடையதிலிருந்து எடுக்கவில்லை.

கடைசியாக ஒரு கோயிலுக்கு முன்னால் கொண்டுபோய் விட்டார்கள். பார்த்தால் மாரியம்மன். கோபுரத்தில் நம்மூர்ச் சிலைகள், உள்ளே முழுக்க வியட்நாம் சனம். ஐயரைக் காணோம், தேவாரத்தைக் காணோம், கட்டுக்கட்டாக ஊதுபத்திதான் எரிந்தது. "அம்மன் இஞ்சை என்ன செய்யிறா?" என்று கேட்டேன். "எங்களைப்போல வந்திருப்பா," என்றாள் மனைவி.

மூலஸ்தானத்துக்குப் பின்னால் ஒரு கல்சுவர் இருந்தது. பெண்கள் வரிசையாக வந்து அதில் நெற்றியையும் இரண்டு கைகளையும் வைத்து, வாயைக் கல்லோடு ஒட்டி ஏதோ முணுமுணுத்துவிட்டுப் போனார்கள். யாரிடமும் சொல்ல முடியாததை இந்தச் சுவரிடம் சொல்லுவார்கள் என்று கூட வந்த மோட்டார் சைக்கிள்காரி விளக்கினாள்.

என் மனைவி ஹெல்மெட்டைக் கழற்றி என்னிடம் தந்தாள். பிறகு தலைத்துணியையும் அவிழ்த்துத் தந்தாள். முடி கொட்டிய நாளிலிருந்து வீட்டில் என் முன்னால்கூட அவள் அந்தத் துணியை எடுத்ததில்லை. அத்தனை பேருக்கு நடுவில் வெறுந்தலையோடு போய் அந்தக் கல்லில் நெற்றியை வைத்தாள். வெகுநேரம் சொன்னாள். பின்னால் நின்றவர்கள் யாரும் அவசரப்படுத்தவில்லை. நான் ஒரு கையில் ஹெல்மெட்டும் மறு கையில் துணியுமாக நின்று, சுகம் வரவேண்டும் என்று கேட்கிறாள், பாவம், என்று நினைத்துக்கொண்டேன்.

ஹோட்டலுக்குத் திரும்பியபோது மதியம். களைப்பாக இருக்கிறது என்று அவள் முன்னால் அறைக்குப் போய்விட்டாள். நான் நன்றி சொல்ல நின்றேன். அந்தப் பெண் ஒரு அட்டையை என் கையில் வைத்தாள். அவள் சொன்னதை இங்கே ஒரு சொல்லும் மாற்றாமல் தமிழில் சொல்லுகிறேன், இதையாவது.

"மேடம் சொன்னா, அடுத்த வருடம் நீங்கள் தனியாக வருவீர்களாம். அவ இருக்கமாட்டாவாம். உங்களை அந்தக் கோயிலுக்குத் திரும்பக் கூட்டிப்போகச் சொன்னா. சாப்பிடச் சொல்லாவிட்டால் நீங்கள் சாப்பிடமாட்டீர்களாம், சாப்பிட வைக்கவும் சொன்னா. நான் செய்வேன். இது என் நம்பர்."

அவளுக்கு என்ன தெரியும்? நானும் மனைவியும் முன்பே கதைத்துக்கொண்டதுதான் என்று நினைத்துச் சொன்னாள். பல்லுக்குத்திக்காரர் முதல்தடவையாக என் முதுகில் தட்டினார்.

படியில் ஏறும்போதுதான் எனக்கு விளங்கியது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கடிதத்தை அவள் கண் முன்னாலேயே வாசித்து, அதற்கும் ஒரு பொய் சொல்லி, மேசை லாச்சிக்குள் வைத்தவன் நான். அதன் தலைப்பில், இனிக் குணமாகாதவர்களைக் கடைசிவரை பராமரிக்கும் பிரிவின் பெயர் இருந்தது. அதே பெயர்ப்பலகையை முதியோர் இல்லத்தில் ஒரு கதவில் எட்டு வருடம் ஈரத்துணியால் துடைத்தவள் அவள். அந்தக் கதவுக்குள் போனவர்களில் வீட்டுக்குத் திரும்பியவர் யாரும் இல்லையென்று என்னைவிட அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். மொழி தெரியாதவள் என்று நினைத்த என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும்.

அறைக்குள் போனேன். கட்டிலில் சாய்ந்திருந்தாள்.

"அந்தப் பிள்ளை உங்களோடை என்னவோ கதைச்சுக்கொண்டு நிண்டது. என்ன சொன்னது?"

சொல்லியிருக்கலாம். கதவு பூட்டியிருந்தது, நாங்கள் இரண்டு பேர்தான், எங்களைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லாத ஊர். அதைக் கேட்டு அவள் எனக்காகவே ஒரு வழி திறந்துவிட்டாள் என்றுதான் இன்றைக்கு நினைக்கிறேன்.

"நாங்கள் நல்ல ஆக்களாம்," என்றேன். "அடுத்த வருசமும் ரெண்டு பேரையும் வரட்டாம்."

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

"ஓம்," என்றாள். "டொக்டரும் உப்பிடித்தான் சொன்னவ." பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

அவளுக்காகத்தான் மறைத்தேன் என்று எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். எனக்காகத்தான் மறைத்தேன். அவள் அழுவதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. தன் சாவை முன்னால் வைத்துக்கொண்டு, அதைச் சொல்லி அழ வீட்டில் ஆளில்லாமல், ஒரு மோட்டார் சைக்கிள்காரியின் காதிலும் ஒரு கல்லிலும் போய்ச் சொல்லவேண்டிய நிலையில் அவளை வைத்தேன். போதாததற்கு என் பொய் உடைந்துவிடாமல் காப்பாற்றும் வேலையையும் அவள் தலையிலேயே போட்டேன்.

அடுத்த வருடம் நான் சைகோனுக்குப் போகவில்லை. அந்த அட்டை இருக்கிறது, போகத்தான் முகமில்லை.

கடைசி வாரத்தில், ஆஸ்பத்திரியில் அதே பெயர்ப்பலகை போட்ட கதவுக்குப் பின்னால் ஒரு அறையில் அவள் படுத்திருந்தாள். இந்தமுறை டொக்டர் என்னைக் கேட்கவில்லை. வேறு ஊரிலிருந்த ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியில் பிடித்து, சத்தத்தைக் கூட்டி, அதைக் கட்டிலில் வைத்தார். "வணக்கம் அம்மா" என்று ஒரு குரல் வந்தது. அவள் மெல்லக் கையைத் தூக்கி, "வேண்டாம். இவர் சொல்லுவார்," என்றாள். அதையும் அந்தக் குரல்தான் டொக்டருக்கு மொழிபெயர்த்தது. டொக்டர் தொலைபேசியை வைத்தார்.

பிறகு என் பக்கம் திரும்பிச் சொன்னார். இரண்டு நாள், இருந்தால் மூன்று நாள். சொல்லவேண்டியதை இப்போதே சொல்லிக்கொள்ளுங்கள்.

நான் அவளைப் பார்த்தேன். இந்தமுறை உண்மையைச் சொல்லவேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன், சத்தியமாக. சத்தம் வரவில்லை. அவள் கொஞ்சநேரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு என் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துத் தடவினாள்.

"என்ன, மருந்து மாத்தப் போகினமாமோ?" என்று கேட்டாள்.

"ஓம்," என்றேன்.

அவள் டொக்டரைப் பார்த்துத் தலையாட்டி, "தக்" என்றாள்.