நிறம் ஏறாத செல்கள்

“அக்கா, ஸ்டெயின் சரியா விழலை. திரும்பப் போடுங்க. நான் ரிப்போர்ட்டை எழுத ஆரம்பிச்சிடறேன்” என்றார் டொக்டர் செந்தில்.

மதுரைக்காரர். டென்மார்க்கின் யூட்லாந்தில் எங்கள் ஆஸ்பத்திரியின் பதோலொஜிப் பிரிவுக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தாலும், கெட்டிக்காரர். நான் அங்கே பயோஅனலிட்டிக்கர். திசுவை மெல்லிசாக வெட்டி, நிறமேற்றி, டொக்டர்மாருக்குக் கொடுப்பது என் வேலை.

அது நாற்பத்தொரு வயதுப் பெண்ணொருவரின் இரைப்பையிலிருந்து எடுத்த பயொப்சி. வெளுத்து ஊதிய செல்கள்; ஒவ்வொன்றிலும் உட்கரு ஓரமாக ஒதுங்கிக் கிடந்தது. சிக்னெற் ரிங் என்ற கொடிய புற்றுநோயும் பார்வைக்கு அப்படித்தான் இருக்கும். அன்று மத்தியானம் ஒரு மணிக்கு சேர்ஜன்களின் கூட்டம். இரைப்பையை முழுதாக அகற்றுவதா என்று அங்கேதான் முடிவெடுப்பார்கள்.

உறுதிப்படுத்த செந்தில் கெரட்டின் ஸ்டெயின் கேட்டிருந்தார். சுரப்பிச் செல்களைப் போலவே, அந்தப் புற்றுநோய் என்றாலும் செல்களில் கபில (பழுப்பு) நிறம் ஏற வேண்டும். ஏறவில்லை. திரும்பப் போட்டேன். மறுபடியும் ஏறவில்லை.

இந்தமுறை நானே மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். ஸ்டெயின் வேலை செய்கிறதா என்று அறியக் கூடவே வைக்கும் கொன்ட்ரோல் திசு நல்ல கபிலம். அதே பெண்ணின் திசுவில், பக்கத்துச் சுரப்பிகளும் கபிலம். ஸ்லைட்டோடு செந்திலின் அறைக்குப் போனேன்.

“டொக்டர், ஸ்டெயினிலை பிழையில்லை. சுரப்பியளைப் பாருங்கோ, வடிவா எடுத்திருக்கு. இந்தச் செல்லுகள் மட்டும்தான் எடுக்கேல்லை. ரெண்டு தரமும்.”

“அதனால?”

“இது வேறை வகைச் செல் போலை. சிடி அறுபத்தெட்டு போட்டுப் பாப்பமே?”

“ஒரு மணிக்கு மீட்டிங் இருக்குக்கா. அவங்க காத்திட்டிருப்பாங்க.”

“காத்திருக்கட்டும்! வயித்தை வெட்டி எடுத்தாப் பிறகு திருப்பி வைக்கேலாது.”

ஒரு டொக்டரிடம் நான் அப்படிக் கதைத்ததே இல்லை. அவர் கோபிக்கவில்லை. குனிந்து நெடுநேரம் பார்த்தார். பிறகு தொலைபேசியை எடுத்து, இன்று முடிவு தர முடியாது என்று சேர்ஜனிடம் டேனிஷில் சொன்னார்.

பின்னேரம் மூன்று மணிக்கு, மக்ரோபேஜ் செல்களில் நிறமேற்றும் சிடி அறுபத்தெட்டு போட்ட ஸ்லைட் மெஷினிலிருந்து வந்தது. அந்த வெளுத்த செல்கள் அத்தனையும் கபிலமாக நின்றன. கொழுப்பை விழுங்கி ஊதிய மக்ரோபேஜ், உடம்பின் துப்புரவுச் செல்கள். சந்தோமா என்பார்கள். ஆளுக்கு ஒரு கெடுதலும் செய்யாது.

“கேன்சர் இல்லக்கா! கேன்சரே இல்ல!” செந்தில் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பிக் கத்தினார். லாபில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பாதி எழுதியிருந்த ரிப்போர்ட்டை என் கண் முன்னாலேயே அழித்தார். சேர்ஜனுக்கு மறுபடி அழைத்தபோது ஸ்பீக்கரில் போட்டார், நானும் கேட்கட்டும் என்று. “அந்தப் பெண் வெளியே தன் கணவரோடு இருக்கிறார். இப்போதே போய்ச் சொல்கிறேன்” என்றது சேர்ஜனின் குரல்.

அன்று பிராண்டே ஊரிலுள்ள என் வீட்டுக்குக் கார் ஓட்டிக்கொண்டு போகையில், வழி நெடுகத் தனியே சிரித்தேன்.

இப்போது லாபில் சேர்கிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். ஸ்டெயின் எதிர்பார்த்தபடி வராவிட்டால், உடனே மெஷினைக் குற்றம் சொல்லாதீர்கள். கொன்ட்ரோலைப் பாருங்கள். அது சரியென்றால் டொக்டரின் கதவைத் தட்டுங்கள்.