கட்டத்துக்கு வெளியே ஒரு குழி

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தாலே சிரித்துவிடுகிற ஆள் நான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள், மானிடவியலில் முனைவர் பட்டம் வரைக்கும் வந்தவள், புதிர் என்று இருந்தால் விடை இருந்தே தீரும் என்று நினைக்கிறவள். போன ஆடி மாசம் காப்பித் தோட்ட மலையில், நாகலூருக்கு மேலே நடந்ததைச் சொல்கிறேன், அப்புறம் நீங்கள் சிரியுங்கள்.

கூட வேலை பார்க்கும் மாலதி அங்கே ஒரு பாறையில் ஆடு புலி ஆட்டக் கோடுகளைக் கண்டுபிடித்திருந்தாள். ஆனால் கட்டத்தை விட்டு வெளியே ஒரு கோடு தனியாக ஓடி ஒரு குழியில் முடிந்தது. அது எதற்கு என்று யாருக்கும் தெரியவில்லை. மாடு மேய்க்கிறவர்கள் கிறுக்கியது என்று சொல்லி, ஆய்வேட்டில் அதைப் பற்றிய அத்தியாயத்தையே எடுத்துவிடச் சொல்லிவிட்டார் அவளுடைய பேராசிரியர். எத்தனை நாள் உழைப்பு!

"புதிர்னா சோறு தண்ணி மறக்கறவ நீதானே, வா புள்ள," என்று என்னை இழுத்துப் போனாள்.

ஆடிப் பார்த்தால்தானே தெரியும்? ஆட்டுக்குக் கூழாங்கல், புலிக்கு வேலியோரம் பறித்த காப்பிக்காய். அவள் புலி, நான் ஆடு. மூன்று புலியையும் அசையவிடாமல் அடைத்துவிட்டு, பெருமையாகப் போட்டோவும் எடுத்தேன்.

"நீ ஜெயிச்சு என்னடி, குழி சும்மாத்தானே கெடக்குது," என்றாள். அழுதுவிடுவாள் போலிருந்தது.

அப்போதுதான் மூடுபனி இறங்கியது. பட்டப்பகல், ஆனால் எதிரே இருக்கிற முகம் தெரியவில்லை. பாறை சரிவு என்ற பயத்தில் இரண்டு பேரும் நாலு கைகளையும் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். விடவே இல்லை, சத்தியமாக.

பனி விலகியது. அடைபட்ட புலிகளில் ஒன்று அந்த வெளிக்குழியில் இருந்தது.

"ஏய், தப்பிச்சு ஓடற வழிடி அது!" என்று கத்தினேன்.

அடடா, எனக்கு உடம்பெல்லாம் பரபரவென்று வந்துவிட்டது! காற்றில் உருண்டிருக்கும் என்று நினைத்து, அதையும் ஒரு போட்டோ எடுத்துவிட்டு அந்த விதியோடு மறுபடி ஆடினோம். அதுவரை அர்த்தமில்லாமல் கிடந்த அந்தக் கோட்டுக்கும் வேலை வந்தது. குழியில் இருந்த காய் மட்டும் சிவப்பு. பறிக்கும்போது ஒரு பழம் கலந்துவிட்டது போல என்று விட்டுவிட்டேன். சேலத்துக்காரிக்குக் காப்பி எப்போது பழுக்கும் என்று என்ன தெரியும்?

பேராசிரியரே பின்னால் வந்து ஆடிப் பார்த்தார், அத்தியாயம் பிழைத்தது. அது வேறு கதை. அன்றைக்குச் சாயங்காலம் நாகலூர் டீக்கடையில் பஸ்ஸுக்கு நின்றபோது, அங்கே எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் ஒருவரிடம் போனைக் காட்டிக் குதித்துக்கொண்டிருந்தேன்.

"ஏங்கண்ணு, ஆடி மாசத்துல பழம் எங்க புடிச்சீங்க?" என்றார். "கார்த்திகை வரணுமே. இப்ப மலை பூராத் தேடினாலும் பச்சைக்காய்தானுங்க."

முதல் போட்டோவைப் பெரிதாக்கினேன். மூன்று புலியும் பச்சை.

எங்கள் ஆராய்ச்சியில் ஒவ்வொரு விதிக்கும் சொன்னவர் பெயர் போட வேண்டும். அந்த ஒரு விதிக்கு மாலதி இன்னும் இடம் விட்டே வைத்திருக்கிறாள். பனிக்குள் வந்தது எதுவோ, எங்கள் பச்சைக்காய் ஒன்றை எடுத்துக்கொண்டு, தன் சிவப்புக் காயை வைத்து ஆடியிருக்கிறது.