பேபி, ஒன்று

ஆளைக் கண்டால் பேபி அக்கா முதலில் முகத்தைப் பார்ப்பதில்லை, காலைப் பார்ப்பார். சேலையூரில் எங்கள் தெருக் குழாயடியில் பன்னிரண்டு வருடமாக இதைப் பார்த்து வருகிறேன். இடுப்பிலிருந்து குடத்தை இறக்குவதற்குள் வரிசையில் நிற்கிற அத்தனை கால்களையும் ஒரு சுற்றுப் பார்த்து முடித்துவிடுவார். "இன்னா ஞானாம்பா, செருப்பு ஒரு பக்கமாவே தேஞ்சிகினு போவுது. இடுப்புல நோவு கீதா?" என்பார். ஞானாம்பாளுக்கு நோவு இருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் எதிரே வந்தால் குனிந்து ஷூவின் முன்பக்கத்தைக் கட்டைவிரலால் ஒரு அமுக்கு அமுக்குவார். உள்ளே விரல் முட்டுகிறதா, இடம் இருக்கிறதா என்று தெரிந்த பிறகுதான் பிள்ளையை விடுவார்.

குரோம்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் அவருக்கு வேலை. ஷூவின் மேல்பாகத்தைத் தைத்து, மடிப்புகளில் சொல்யூஷன் தடவி ஒட்ட வேண்டும். அந்தச் சொல்யூஷன் வாசனை மூக்கில் ஏறிவிட்டால் மத்தியானச் சோற்றில் குழம்பு எது, மோர் எது என்று தெரியாது என்பார். தலைக்குச் சீயக்காய் போட்டுக் குளித்தாலும் ஈரக் கூந்தலில் அதுதான் வீசும். ரயிலுக்கு சீசன் டிக்கெட் இருந்தும் சாயங்காலம் பாதி நாள் நடந்தேதான் வருவார். மூக்கைக் கழுவிக்கொண்டு வருகிறாராம்.

தூரத்தை அவர் கிலோமீட்டரில் சொல்வதில்லை. தாம்பரத்திலிருந்து குரோம்பேட்டை அரைப் பால். தங்கை இருக்கும் மேடவாக்கம் ஒரு பால். சிங்கப்பெருமாள் கோவில் ரெண்டரைப் பால். தெரியாதவர்கள் டீக்கடைப் பால் என்று நினைத்துச் சிரிப்பார்கள். ஒரு தடவை பிள்ளைக்குப் பால் கொடுத்துக் கிளம்பினால், மறுபடி பசித்து அழும்வரை எவ்வளவு நடக்கலாமோ அதுதான் ஒரு பால் தூரம். அந்தக் கணக்கு 1988-ஆம் வருடம் ஜி.எஸ்.டி. ரோட்டில் உண்டானது. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு கொதிக்கிறது.

எங்கள் பங்குக் கோயிலிலிருந்து ஒவ்வொரு ஆகஸ்டு மாதமும் அறுபது எழுபது பேர் காவி உடுத்தி, மாதா சப்பரத்தைத் தள்ளிக்கொண்டு வேளாங்கண்ணிக்கு நடந்து போவார்கள். பத்துப் பதினோரு நாள் நடை. அக்காவின் வீட்டுக்காரர் அந்தோணிசாமி குவாரி லாரி ஓட்டுகிறவர். 87-இல் அவர் நடந்தார். அக்காவுக்கு அப்போது நிறைமாதம். அவர் சீர்காழியில் இருந்த அன்று இங்கே பெண் குழந்தை பிறந்தது. அருள்மேரி என்று பெயர் வைத்தார்கள். திரும்பி வந்த அந்தோணி அண்ணனுக்குக் கோயில் வாசலில் மாலை போட்டார்கள். நிறைமாதக்காரியை விட்டுவிட்டுப் போனாயே என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் அந்தக் கூட்டத்தில் நின்று கை தட்டினேன்.

மறு வருடம் அண்ணனுக்கு லீவு இல்லை. "அவரு நடந்தாரு, நான் பெத்தேன். இந்த வாட்டி நான் நடக்கறேன்" என்று அக்கா சொல்லிவிட்டார். அருள்மேரிக்கு ஒரு வயது ஆக எட்டு நாள் இருக்கும்போது நடை கிளம்புகிறது. பால் குடி மறக்காத பிள்ளை. அதனால் பிள்ளையும் வரும். அந்தோணி அண்ணன் ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு, வெயிலுக்கு ஒரு குடை வாங்கிக் கொடுத்தார்.

பெயர் கொடுக்கச் சீட்டு எழுதியது நான்தான். எட்டாவதோடு நின்றவள் என்றாலும் எங்கள் வீட்டு வரிசையில் கையெழுத்து என்னுடையதுதான் நன்றாக இருக்கும். 'அந்தோணிசாமி வீடு. பேபி. 1' என்று எழுதி, கீழே என் பெயரையும் எழுதிக் கொடுத்தனுப்பினேன். என் தம்பி வேலைக்காக நான் நேர்ந்துகொண்டிருந்தேன்.

நடைக் குழுவுக்குத் தலைவர் ஏசுபாதம் சார். ஏதோ ஆபீசில் ஹெட்கிளார்க். அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மைக்கைப் பிடித்தார். "நம்ம அந்தோணிசாமி இந்த வருஷம் கைக்குழந்தையைத் தோள்ல சுமந்துக்கிட்டு மாதாகிட்ட நடக்கப் போறார். இதுக்குப் பேர்தான் விசுவாசம்" என்றார். கோயிலே கை தட்டியது. ஒரு பாட்டியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். சீட்டில் 'பேபி. 1' என்று இருந்ததை ஏசுபாதம் சார் ஒரு கைக்குழந்தை என்று படித்திருக்கிறார். அக்கா பின்வரிசையில் என் பக்கத்தில்தான் நின்றிருந்தார். முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு குலுங்கினார். நான் போய் விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். எனக்கு அத்தனை பேர் முன்னால் கால் நகரவில்லை.

கிளம்புகிற நாள் விடியற்காலை ஏசுபாதம் சார் பட்டியலோடு, சாமான் ஏற்றிய வேன் பக்கத்தில் நின்று பெயர் வாசித்தார். அக்கா பழைய நூல்புடவையை நாலாக மடித்துத் தோளிலும் இடுப்பிலும் குறுக்கே கட்டி, பிள்ளையை மார்போடு வைத்திருந்தார்.

"அந்தோணி எங்கம்மா?"

"லாரி ஓட்டப் பூட்டாரு சார்."

"அப்ப இந்த பேபி?"

"நான்தான் பேபி."

"இது?"

"இது அருள்மேரி."

சிரித்தவர்களை அவர் முறைத்தார். அப்புறம் ஆரம்பித்தார். வெயில், லாரி, தண்ணீர், கொசு என்று அடுக்கினார். குழந்தைக்கு ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது என்றார். ஞாயிற்றுக்கிழமை இதே பிள்ளை அப்பன் தோளில் போகிறது என்று நினைத்தபோது வெயிலும் லாரியும் எங்கே போயிருந்தன என்று எனக்குத் தெரியவில்லை. அப்போது அது விசுவாசம். தாய் சுமந்து நின்றதும் அது திமிர் ஆகிவிட்டது. "ஊசிமணி விக்கறவ மாதிரி கட்டிக்கினு வந்து நிக்கறா" என்று கை தட்டின பெண்களே பேசினார்கள். ஊசிமணி விற்கிறவர்கள் பிள்ளையை எப்படிச் சுமக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள். அதில் என்ன கேவலம் என்று எனக்கு விளங்கவில்லை.

கடைசியாக அவர், "அப்படி என்னம்மா நேர்த்திக்கடன் உனக்கு?" என்று கேட்டார்.

"கடன்லாம் ஒண்ணும் இல்ல சார். எட்டு வருசமா சொல்யூஷன மோந்துகினு கீறேன். பத்து நாளு காத்த மோந்துகினு நடக்கணும். அவ்ளோதான்."

"அப்ப டூர் வர்றியா?"

"டூருதான். மாதாவயும் பாத்துட்டு வருவேன்."

ஒரு பொய் சொல்லியிருந்தால் விட்டிருப்பார்கள். பிள்ளைக்கு வலிப்பு, நேர்ந்துகொண்டேன் என்றால் கண்ணீரோடு குடை பிடித்திருப்பார்கள். அந்தக் கூட்டத்து ஆண்களில் பாதிப்பேர் ஊர் பார்க்கவும், தங்குகிற இடத்தில் சீட்டாடவும் வருகிறவர்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். அவர்களுடையது பாதயாத்திரை. ஒரு பெண் மூச்சு விடப் போகிறேன் என்று உள்ளதைச் சொன்னால் அது டூர். பட்டியலில் பேபி என்ற பெயரை அடித்தார்கள். அக்கா வாதாடவில்லை. "ரோடு கவர்மெண்ட்டு ரோடு" என்று சொல்லி, சப்பரத்துக்கு ஐம்பது அடி பின்னால் நடந்தார். நான் வரிசையில் பின்தங்கிப் பின்தங்கி, வண்டலூர் வருவதற்குள் அவர் பக்கம் வந்துவிட்டேன்.

அக்காவின் நடை வேறு மாதிரி. விடியுமுன் கிளம்பி ஒன்பது மணிக்கு நிறுத்திவிடுவார். புளியமரத்தடியில் தூளி ஏறும். வெயில் தாழ்ந்த பிறகு மறுபடி நடை. டீக்கடையில் வெந்நீர் வாங்கிக் கேழ்வரகு மாவைக் கரைப்பார், இட்லியைப் பிசைந்து ஊட்டுவார். துவைத்த துணிகளை என் முதுகிலும் அவர் பையிலும் ஊக்கு குத்தித் தொங்கவிடுவார். ஒரு பால் தூரத்துக்குள் காய்ந்துவிடும். அருள்மேரி எதிரே வருகிற ஒவ்வொரு லாரியையும் பார்த்து "ப்பா" என்பாள். "தே, ரோட்டுல எத்தினி அப்பன்டி உனக்கு" என்று அக்கா சிரிப்பார். டிரைவர்கள் ஹாரன் அடித்துக் கை காட்டுவார்கள். வழி முழுக்க அந்தப் பிள்ளை அழுதது பசிக்கு மட்டும்தான்.

நாலாம் நாள் திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கினோம். காலையில் ஏசுபாதம் சார் இரண்டு ஆட்களோடு வந்து, குழந்தைக்குக் காய்ச்சல், உடம்பெல்லாம் சிவந்திருக்கிறது, மெட்ராஸ் பஸ்ஸில் ஏற்றிவிடப் போகிறோம் என்றார். ஆஸ்பத்திரியில் இருபது வருடம் ஆயா வேலை பார்த்த ரத்தினபாய் எங்களோடு நடந்து வந்தவர். பிள்ளையின் அக்குளில் கை வைத்துப் பார்த்து, இது வேர்க்குரு, காய்ச்சல் கிடையாது என்றார். ஏசுபாதம் சார் கேட்கவில்லை. கமிட்டி முடிவு என்றார். ஒருவன் அக்காவின் பையைத் தூக்கி வாசலில் வைத்துவிட்டான்.

அக்கா குனிந்து ஏசுபாதம் சாருடைய காலைப் பார்த்தார். அவர் பாதம் கூசிப் பின்னால் நகர்ந்தது.

"செருப்ப கொஞ்சம் திருப்பிக் காட்டு சார்."

எதற்கென்று தெரியாமலே அவர் ஒரு காலைத் தூக்கிக் காட்டிவிட்டார்.

"நாலு நாளாச்சி. அடியில கீற நம்பரு கூட அழியல. பேர்லயே பாதத்த வெச்சிகினு வேன்ல குந்திகினு வந்தா எப்பிடி சார் தேயும்?" என்றார் அக்கா. பிறகு எல்லாரையும் பார்த்தார். "இங்க நடந்து வந்தவங்க யார்னா ஒர்த்தர் என்ன போன்னு சொல்லுங்கோ. நான் போயிடறேன்."

முதலில் ரத்தினபாய்தான் சிரித்தார். அப்புறம் பள்ளிக்கூடமே சிரித்தது. போ என்று யாரும் சொல்லவில்லை. நான் வாசலுக்குப் போய் அக்காவின் பையை எடுத்து என் தோளில் மாட்டிக்கொண்டேன்.

அருள்மேரிக்குச் சீர்காழியில் ஒரு வயது முடிந்தது. ரத்தினபாய் பிஸ்கட் பாக்கெட் பிரித்தார். கொடியேற்றத்துக்கு முதல் நாள் நல்லபடியாக வேளாங்கண்ணி போய்ச் சேர்ந்தோம். அங்கே குழு போட்டோ எடுத்தார்கள். பட்டியலில் பெயர் இல்லாதவர்கள் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள் என்றார் ஏசுபாதம் சார். முந்நூறு கிலோமீட்டர் பிள்ளையைச் சுமந்து வந்தவர் அந்தப் போட்டோவில் இல்லை. வேனில் வந்தவர் நடுவில் மாலையோடு உட்கார்ந்திருக்கிறார். கோயில் ஆபீஸ் அறையில் இன்னும் அது மாட்டியிருக்கிறது.

மறு வருட நோட்டீசில் ஏழாவதாக ஒரு விதி சேர்ந்தது: 'கைக்குழந்தையுடன் வரும் பெண்களுக்கு அனுமதி இல்லை.' பெண்களுக்கு என்று அச்சுக்கோத்துப் போட்டிருக்கிறார்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் வரலாம், மைக்கில் பாராட்டுவார்கள். ஒன்பது வருடத்தில் அப்படி ஒரு ஆணும் வந்ததில்லை. விதியையும் யாரும் எடுக்கவில்லை.

போன வாரம் இந்த வருட நோட்டீஸ் வந்தது. நான்தான் அக்கா வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அருள்மேரி இப்போது அஞ்சாம் வகுப்பு. பள்ளிக்கூட ஷூவைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள். இரண்டு வருடம் வரட்டும் என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்கியது, நடந்தால் குதிகால் கழன்றது. அக்கா நோட்டீசை ஏழாவது விதிவரை என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு மாதா படம் இருக்கிற மேல்பாதியை மடித்து, நகத்தால் கீறிக் கவனமாகக் கிழித்து, பைபிளுக்குள் வைத்தார். விதிகள் இருக்கிற கீழ்ப்பாதியைக் கசக்கி உருட்டி ஷூவின் முனைக்குள் திணித்தார். மகளை அதைப் போட்டுக்கொண்டு எழுந்து நிற்கச் சொல்லி, கட்டைவிரலால் முன்பக்கத்தை அமுக்கிப் பார்த்தார்.

ஏழாவது விதி இன்னும் அப்படியேதான் இருக்கிறது. ஷூ கழலுவதில்லை.