வழித்துக்கொண்டு போன ஞாயிறு

தொண்ணூறுகளில் சிட்னி நகரத்துக்குள், ஆண்களை விரும்பும் ஆண்கள் கூடுகிற பார்களுக்குப் போவதென்றால் வயிறு ஒட்டியிருக்க வேண்டும், நெஞ்சு மழமழவென்று இருக்க வேண்டும். புறநகர் பிளாக்டவுனிலிருந்து ரயில் ஏறிப் போகும் எனக்கோ தொப்பை. புறங்கையிலும் மயிர், முதுகிலும் மயிர். சனிக்கிழமை பின்னேரம் முழுக்கக் குளியலறையில் ரேசரோடு மல்லுக்கட்டுவேன். அப்படிப் போயும் ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார்கள்.

ஒருமுறை, என்னைப் போலவே ஆண்களை விரும்பும் யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர், ஞாயிறு மதியம் ஒரு பப்பின் பின்முற்றத்தில் பார்பிக்யூ இருக்கிறது, வாரும் என்று கூப்பிட்டார். வழக்கம்போல் மீசை, தாடி, நெஞ்சு எல்லாவற்றையும் வழித்துக்கொண்டு போனேன்.

முற்றம் நிறையத் தாடிகள், தொப்பைகள், திறந்த சட்டைகளுக்குள் காடாய் மயிர். தங்களைக் ‘கரடிகள்’ என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் ஆண்களாம். அவர்கள் நடுவே நான் உரித்த கோழி மாதிரி நின்றேன்.

நண்பர் தலையில் அடித்துக்கொண்டார். “என்ன வேலை பாத்தனீர்! உமக்கிருக்கிற மயிருக்கு இவங்கள் உம்மைத் தோளில தூக்கியிருப்பாங்கள்.”

“அதை முதல்லயே சொல்லியிருக்கலாமே ஐசே!” என்று எரிந்து விழுந்தேன்.

“வளரும்தானே. இப்ப சாப்பிடும்,” என்று சுட்ட சொசேஜை வைத்து மடித்த பாண் துண்டை நீட்டினார்.

அதை வாங்கும்போதுதான் கவனித்தேன், வந்ததிலிருந்து வயிற்றை எக்கிப் பிடித்துக்கொண்டே நிற்கிறேன். இத்தனை வருடமும் அப்படித்தான் நின்றிருக்கிறேன். மெல்ல விட்டேன். சட்டையின் கீழ்ப் பொத்தான் தெறித்து விழுந்தது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.