முந்திரிகைத் தோட்டம் பார்க்கக் கிளம்பியவர்

தவம் அண்ணை செத்துப் போனார். நேற்றுக் காலை, ஸ்டுட்கார்ட்டில், அவர் வீட்டிலேயே. ஹார்ட் அட்டாக்.

'இயற்கை எய்தினார்' என்று மாற்றச் சொல்லி யாராவது இன்பாக்ஸுக்கு வருவீர்கள். வராதீர்கள்.

சனிக்கிழமை மூன்று பேர் காரில் கிளம்ப வேண்டும். நான், பிரகாஷ், தவம் அண்ணை. பிரான்ஸ் வழியாக லக்சம்பர்க், அங்கிருந்து மோசல் ஆற்றை ஒட்டியே வைன் ஊர்களைப் பார்த்துக்கொண்டு திரும்ப ஜெர்மனி. ரூட் ரெடி. ரூம் ரெடி. ஆள் இல்லை.

தெரியாதவர்களுக்கு... அண்ணை யாழ்ப்பாணத்துக்காரர். எங்கள் கம்பெனியில் டெஸ்ட் டிரைவர். புது பிரேக் போட்ட வண்டியை நாள் முழுக்க டிராக்கில் ஓட்டிச் சுற்றுவார். அந்த டேட்டாவை வைத்து கிராஃப் போடுகிற என்ஜினியர்கள் நானும் பிரகாஷும்.

இந்த ட்ரிப்பை இரண்டு மாதமாக பிளான் பண்ணுகிறேன். இரண்டு மாதமும் அவரிடமிருந்து வந்த ஒரே பதில், "பாப்பம்."

ரூம் போடலாமா அண்ணை? "பாப்பம்." காலையிலேயே கிளம்பலாமா? "பாப்பம் தம்பி."

எனக்கு இந்தச் சொல்லே ஆகாது. வருகிறேன், இல்லை, இரண்டில் ஒன்று. கேன்டீனில் ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டேன். "அண்ணை, வரீங்களா இல்லையா? நான் புக் பண்ணணும்."

"ஏன் தம்பி அந்தரப்படுறீர்? ஆறு எங்க ஓடிப்போகப் போகுது?"

ஆறு ஓடத்தானே செய்யும் என்று பிரகாஷ் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்புறம்தான் அந்தச் சண்டை.

"எனக்கு வைன் வேண்டாம், புளிக்கும். முந்திரிகைத் தோட்டம் மட்டும் காட்டினாக் காணும்" என்றார்.

உடனே போனில் தேடினேன். இந்தக் குளிரில் முந்திரி விளையாது. ஆதாரத்தோடு நீட்டினேன்.

"உமக்கென்ன விசரே? முந்திரிகை இல்லாமல் அவங்கள் என்னத்தில வைன் செய்யிறாங்கள்?"

"முந்திரிப் பழத்துல ஃபென்னிதான் அண்ணை காய்ச்சுவாங்க. அதுவும் கோவாவுல!"

சாப்பாடு ஆறிப்போகும்வரை கத்தினோம். பக்கத்து மேசை ஜெர்மன்காரர்கள் ஏதோ குடும்பத் தகராறு என்று நினைத்திருப்பார்கள். கடைசியில் பிரகாஷ்தான், "அண்ணை, படத்துல காட்டுங்க" என்றான்.

காட்டினார். திராட்சை.

அவர்கள் ஊரில் திராட்சைதான் முந்திரிகை. நம் முந்திரிப் பருப்பு அவர்களுக்குக் கஜு.

"கஜுவை ஏன் ஐசே ஆத்தங்கரையில தேடுறீர்?" அன்று மத்தியானம் டிராக்கிலிருந்து ரேடியோவில் ரிப்போர்ட் வந்தது: "பிரேக் ஓகே. கஜு இல்லை."

பழி வாங்குவதற்காகவே மேப்பில் ஓர் இடத்தைக் குத்தி 'முந்திரித் தோட்டம்' என்று பெயர் வைத்தேன். அந்த ஊர் ஷெங்கன்.

"விசாவில இருக்கிற ஷெங்கனோ? அது ஊரோ?"

"ஊர்தான் அண்ணை. ஆத்தங்கரை, நாலு தெரு, மேட்டுல உங்க முந்திரிகை. அவ்வளவுதான்."

"இந்த நாலு தெருவின்ர பேருக்கோ இவ்வளவு காலமும் லைனில நிண்டனாங்கள்!"

மேப்பை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு, "பாஸ்போட் கொண்டு வரவேணுமோ?"

"ஐடி போதும். நீங்க ஜெர்மன் சிட்டிசன் அண்ணை, எனக்குத்தான் பயம்."

"இல்லை, நான் கொண்டு வாறன்." இந்த நாட்டுக்கு அகதியாக வந்த புதிதில், எழுத்தில் அனுமதி வாங்காமல் மாவட்டம் தாண்ட முடியாத ஆள் அவர்.

"அப்போ வரீங்க?"

"பாப்பம்."

...

வண்டியை அவர்தான் ஓட்டுவார் என்று நாங்களாகவே முடிவு செய்திருந்தோம். புரொஃபஷனல் டிரைவர் இருக்கும்போது நாங்கள் எதற்கு?

"நான் ஓடமாட்டன்" என்றுவிட்டார். அவர்கள் கார் ஓட்டுவதை 'ஓடுறது' என்றுதான் சொல்வார்கள். "ஓடேக்க ஒண்டையும் பாக்க ஏலாது. நீர் ஓடும். நான் முன்னுக்கு இருந்து ஆத்தைப் பாக்கிறன்."

ஆட்டோபான் ஹைவேயும் வேண்டாமாம், இரண்டு பக்கமும் மதில்தான் தெரியுமாம். சுற்றுவழி, நேரம் வேஸ்ட் என்று முணுமுணுத்துக்கொண்டேதான் ஆற்றோர ரோட்டுக்கு மாற்றினேன்.

இன்று அவர் மனைவி சாந்தி அக்கா போன் செய்தார். இறப்பைப் பதிய பாஸ்போர்ட் கேட்டிருக்கிறார்கள்.

"வீடு முழுக்கத் தேடினனாங்கள் தம்பி. கடைசியில பாத்தா உங்களோட வாறதுக்கெண்டு கட்டின பைக்குள்ள இருக்கு. போன கிழமையே கட்டி வைச்சிட்டார். உங்களுக்குச் சொல்லேல்லையோ?"

"இல்லக்கா" என்றேன்.

இறுதிச் சடங்குக்கு இன்னும் தேதி கிடைக்கவில்லை. அடுத்த வாரம்தான் என்கிறார்கள். தெரிந்ததும் இங்கே போடுகிறேன். அதுவரை அக்காவுக்கு யாரும் போன் போட்டு எப்படி நடந்தது என்று கேட்காதீர்கள்.

உட்கார முடியவில்லை. மேப்பைத் திறந்தேன். முதல் ஸ்டாப் ஃபாயர்பாக், அவரை ஏற்றிக்கொள்ள வேண்டிய இடம். அதை அழித்தேன். ரூட் ஒரு நொடியில் தன்னைத் திருத்திக்கொண்டது. நேர்கோடு. நேரமும் மிச்சம்.

திரும்பச் சேர்த்துவிட்டேன்.

இப்போதுதான் பிரகாஷ் மெசேஜ். "ரூமை இன்னிக்குள்ள கேன்சல் பண்ணணும். போறமா இல்லையா? ஒண்ணு சொல்லுடா."

"பாப்பம்" என்று அனுப்பியிருக்கிறேன்.

நான் ஓடுகிறேன் அண்ணை. முன் சீட் உங்களுக்கு.