ஏகாம்பரம் அண்ணன் வைத்த பட்டிழைகள்

கடை ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தபோது அலைபேசி அடித்தது. கண்ணமங்கலத்தில் இருக்கும் ஏகாம்பரம் அண்ணனின் மகள் அமுதா பேசினார். பொங்கலுக்கு மகள் வீட்டுக்குப் போன அண்ணன் அன்று மாலை திரும்பி வருவதாகச் சொல்லியிருந்தார். "அப்பா காபி குடிச்சிகினே இருந்தாருங்க. டம்ளர கீழ வச்சாரு. சித்த படுக்கறேன்னாரு. அவ்ளோதாங்க," என்றார் அமுதா. ஷட்டரை ஏற்றுவதா இறக்குவதா என்று தெரியாமல் அப்படியே நின்றிருக்கிறேன். எதிர்ச் சாரி டீக்கடைக்காரர் வந்து என் கையிலிருந்த பூட்டை வாங்கித்தான் கடையை மூடினார்.

ஆரணியில் எங்கள் புத்தகக் கடைக்கு வந்து போனவர்களுக்கு அண்ணனை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. வராதவர்களுக்காகச் சொல்கிறேன். நெட்டையானவர். கண்ணாடி மூக்கில் இருந்ததைவிட நெற்றியில் இருந்த நேரம் அதிகம். சட்டைப் பையில் எப்போதும் கலர் கலராகப் பட்டிழைத் துண்டுகள் இருக்கும். முதலாளி நான். ஆனால் வருகிறவர்கள் என்னைப் பார்த்துக் கேட்கும் முதல் கேள்வி, "அவர் இல்லீங்களா?" என்பதாகத்தான் இருக்கும். பல வருடங்கள் இது எனக்கு எரிச்சலாகவே இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்.

கடைக்கு வருமுன் அவர் பாவு பிணைப்பவராக இருந்தார். தறியில் ஒரு பாவு நெய்து முடிந்ததும், புதுப் பாவின் இழைகளைப் பழைய இழைகளின் முனையோடு ஒவ்வொன்றாகத் திரித்துச் சேர்க்கும் வேலை. ஆயிரக்கணக்கான இழைகள், ஒன்றுகூட மாறக் கூடாது. முதுகு வலி தாங்காமல் அதை விட்டுவிட்டு எங்கள் கடையில் வேலை கேட்டு வந்தார். "புஸ்தகத்த பத்தி இன்னாபா தெரியும் உனக்கு?" என்று என் அப்பா கேட்டது எனக்கு நினைவிருக்கிறது. "ஒண்ணும் தெரியாதுங்க. ஒருவாட்டி பாத்த எடத்த மட்டும் மறக்க மாட்டேன்," என்றார். அப்பாவுக்கு அந்தப் பதில் பிடித்துவிட்டது.

எங்கள் வியாபாரம் நோட்டும் பாடப் புத்தகமும்தான். கதைப் புத்தகங்கள் பின்பக்கத்து இரண்டு அலமாரிகளில் தூசி படிந்து கிடந்தன. பட்டு வாங்கவும், நெய்த சேலையைக் கொடுக்கவும் கடைத்தெருவுக்கு வருகிறவர்கள் காத்திருக்கும் நேரத்தில் எங்கள் வாசலில் நிழலுக்கு ஒதுங்குவார்கள். அண்ணன் அவர்களை உள்ளே கூப்பிட்டார். ஒரு புத்தகத்தை எடுத்துக் கையில் கொடுத்தார். பட்டுக் கடையிலிருந்து கூப்பிட்டதும் அவர்கள் கிளம்பும்போது, படித்த பக்கத்தில் ஒரு பட்டிழையை வைத்து மூடினார். "இது உன் இழைம்மா. அடுத்த வாரம் வா, இங்கியே கீது," என்றார்.

அப்படியே அது வழக்கமாகிவிட்டது. ராட்டையில் பட்டு நூல் இழைக்கும் கன்னியம்மாளுக்குக் கிளிப்பச்சை. சந்தவாசலிலிருந்து விதை வாங்க வரும் கோவிந்தனுக்கு அரக்கு. ஒரே புத்தகத்தில் மூன்று பேருடைய இழைகள் மூன்று இடத்தில் தொங்கும். முடித்தவர்களில் பாதிப் பேர் அந்தப் புத்தகத்தையே வாங்கிப் போனார்கள். மீதிப் பேர் பிள்ளைகளுக்கு நோட்டு வாங்க வேறு கடைக்குப் போகவில்லை. நான் கல்லாவிலிருந்து இதையெல்லாம் பார்த்தேன், ஆனால் கவனிக்கவில்லை.

போன ஆடியில் அண்ணனுக்குக் கண் அறுவை சிகிச்சை நடந்தது. ஒரு மாதம் மகள் வீட்டில் ஓய்வு. எனக்கோ கடையைப் புதுப்பிக்கும் ஆசை நெடுநாளாக இருந்தது. அவர் திரும்பி வரும்போது அசந்துபோக வேண்டும் என்று இறங்கிவிட்டேன். கண்ணாடிக் கதவு, வெள்ளை டைல்ஸ், குளிர்சாதனம், புது அலமாரிகள். புத்தகங்களை வகைவகையாகப் பிரித்து நானே அடுக்கினேன். தூசி தட்டும்போது உள்ளிருந்த இழைகளையும் உருவிப் போட்டேன். ஒரு முறம் நிறையச் சேர்ந்தது. குப்பைதானே என்று கொட்டினேன்.

திறப்பு நாளில் கூட்டம் நெரிந்தது. புது வீட்டுக்கு வருவதுபோல் ஆளாளுக்குப் பரிசோடு வந்தார்கள். ஐந்து சுவர்க் கடிகாரங்கள் சேர்ந்தன. "ஆஸ்பத்திரி மாரி அவ்ளோ சுத்தமா கீதுங்க!" என்றார் கன்னியம்மாள். கோவிந்தன் செருப்பை வெளியே விட்டுவிட்டு, டைல்ஸில் கால் வைக்கத் தயங்கி, ஓரமாகவே நடந்து சுற்றிப் பார்த்தார். "மெட்ராஸ்ல கூட இப்டி இல்லீங்க," என்றார். கருத்து எழுத ஒரு நோட்டு வைத்திருந்தேன். பக்கத்துக்குப் பக்கம் அருமை, சூப்பர், மேலும் வளர்க. அன்று நான் தரையில் நடக்கவில்லை.

அடுத்த வாரம் கன்னியம்மாள் வரவில்லை. கோவிந்தன் கண்ணாடிக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்துவிட்டு, நான் தலையசைத்ததும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு நடந்தார். அதற்கடுத்த வாரமும் அப்படியே. ஐந்து கடிகாரங்களும் ஓடுகின்ற சத்தம் கேட்கும் அளவுக்குக் கடை அமைதியாகிவிட்டது. பள்ளி நோட்டு கேட்டு வருகிறவர்களும் குறையத் தொடங்கினார்கள். அலமாரிக்கு வாங்கிய கடன் அப்படியே நின்றது.

அண்ணன் திரும்பி வந்தார். கறுப்புக் கண்ணாடியோடு கடையைச் சுற்றி வந்தார். பின் அலமாரியில் ஒரு புத்தகத்தை எடுத்து விரித்தார். இன்னொன்றை எடுத்தார். "இழைங்க எங்க தம்பி?" என்றார்.

"குப்பன்னு எடுத்துட்டேண்ணே."

அவர் முகம் போன போக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. "அதாம்பா யாரும் வரல," என்றார்.

"எல்லாரும் நல்லாருக்குன்னுதான் எழுதினாங்க," என்று நோட்டைக் காட்டினேன்.

"புது ஊட்டுக்கு வந்து எவன்பா கொற சொல்லுவான்? இழ இல்லன்னு உங்கிட்ட கேப்பாங்களா? ஓசில படிக்கறவங்க எப்டிபா கேப்பாங்க?"

உண்மை சுட்டது. அதைத் தாங்கத் தெரியாமல் நான் சொன்னேன்: "கடை என்னுதுண்ணே. உங்க நூல் வேலயெல்லாம் தறியோட வச்சிக்கங்க." அவர் மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு, கண்ணாடிக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார்.

பத்துப் பன்னிரண்டு நாட்கள் வரவில்லை. விலகிவிட்டார் என்றே நினைத்தேன். மன்னிப்புக் கேட்கப் போக என் வீறாப்பு விடவில்லை. அப்புறம் ஒரு புதன்கிழமை காலை நான் கடை திறக்க வந்தபோது வாசலில் நின்றிருந்தார். மஞ்சள் பைக்குள் கட்டுக்கட்டாகப் பட்டிழைகளும், மடித்த காகிதங்களும் இருந்தன. "ஜல்தியா தொறப்பா, வேல கீது," என்றார்.

அத்தனை நாளும் அவர் தெருத் தெருவாகப் போயிருக்கிறார். பஸ் ஏறி சந்தவாசல் வரைக்கும் போயிருக்கிறார். ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து, படித்த வரைக்கும் கதையைச் சொல்லச் சொல்லிக் கேட்டு எழுதி வந்திருக்கிறார். 'கன்னியம்மா, தங்கச்சி கல்யாணம் நின்னுபோச்சு.' 'கோவிந்தன், மாடு இன்னும் கெடைக்கல.' மூன்று நாட்கள் அந்தக் காகிதங்களை வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகத் தேடி, அவரவர் இழையை அவரவர் இடத்தில் வைத்தோம். நான் வாசித்தேன், அவர் கேட்டு, "அங்க நிறுத்து," என்பார். கண்ணாடிக் கதவைப் பகல் முழுக்கத் திறந்தே வைத்தோம். குளிர்சாதனம் இன்றுவரை ஓய்வில் இருக்கிறது.

அந்த வாரமே கோவிந்தன் வந்தார். அரக்கு இழையைப் பிடித்துப் புத்தகத்தைத் திறந்தவர், "மாடு எங்கயும் போவல, உட்ட எடத்துலயே கீது," என்று அண்ணனைப் பார்த்துச் சிரித்தார். மெல்ல மெல்ல எல்லோரும் வந்தார்கள். நான் பேசிய பேச்சைப் பற்றி அண்ணன் ஒரு நாளும் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. அந்த மன்னிப்பைக் கடைசிவரை கேட்காமலே விட்டுவிட்டேன்.

காரியங்கள் முடிந்து கடை திறந்த அன்று கன்னியம்மாள் வந்தார். தன் புத்தகத்தை எடுக்காமல் அலமாரி முன்னால் நின்றார். அவரிடம் நான் கேட்டேன்: "எல்லாருக்கும் வச்சாரே, அவரோட இழ எதுன்னு தெரியுமாங்க?" நான் ஒரு முறை அண்ணனிடமே கேட்டிருக்கலாம். முறத்தோடு கொட்டியதில் அண்ணனுடையதும் இருந்திருக்கும் என்று அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை.

"வெள்ளைங்க. சாயம் போடாதது," என்றார் கன்னியம்மாள். "மொதல்ல எல்லாருதும் ஆவட்டும், என்னுது அப்பறம் பாத்துக்கலாம்னாரு. அப்பறம் எங்க பாத்தாரு? கப்பல்காரன் கதைங்க. வார வாரம் எனக்குச் சொல்லிகினே வருவாரு."

"எதுவரைக்கும் சொன்னாரு? சொல்லுங்க," என்றேன்.

புத்தகத்தை எடுத்து வந்தேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொல்லத் தொடங்கினார். கப்பல் கிளம்பியது, புயல் வந்தது, பாய்மரம் முறிந்தது. அவர் சொல்லச் சொல்ல நான் பக்கங்களைத் திருப்பிக்கொண்டே போனேன். "குடிதண்ணி தீந்துபோச்சு. தூரத்துல எதுவோ கருப்பா தெரியுதுன்னு ஒருத்தன் கத்துறான். அது கரையா மேகமான்னு தெரியல. அதோட நிறுத்தினாருங்க."

நூற்று நாற்பதாம் பக்கம். கன்னியம்மாள் மடியிலிருந்து ஒரு வெள்ளை இழையை எடுத்துக் கொடுத்தார். வரும்போதே கொண்டுவந்திருக்கிறார். அதை அந்தப் பக்கத்தில் வைத்து மூடினேன்.

அடுத்த பக்கத்தைத் திருப்பிப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை, அண்ணே. மன்னிச்சுக்குங்க. உங்கள் இடம் அங்கேயே இருக்கிறது.