போட்டிக்கு வந்த திருத்தம்

தட்டாஞ்சாவடியில் அட்டைப்பெட்டி செய்யும் ஒரு கம்பெனியில் அப்போது கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். பெட்டிகளின் மேல் அச்சாகும் படங்களை வரைந்தவன் என் நண்பன். ஊதுபத்திக்கும் ஊறுகாய்க்கும் படம் போட்டுக் கொடுத்துவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் அதே கம்ப்யூட்டரில் தனக்கென்று ஒரு காமிக்ஸ் வரைவான். வாரத்துக்கு ஒரு பக்கம். நாங்கள் இருவரும் நடத்திய வலைப்பதிவில் அதை ஏற்றுவோம்.

கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு மாடியறை, அதில் தனியாக ஒரு பெண். எப்போதும் முதுகுதான் தெரியும். சுவரில் துணி போர்த்திய ஆளுயரக் கண்ணாடி. வெளியே மூடிய பச்சைக் கதவு, அதிலிருந்து கீழே இறங்கும் மரப்படி. அவள் யார், ஏன் இறங்கி வருவதில்லை என்று கேட்டால், “எனக்கு இன்னாடா தெரியும், கை போற போக்குல போவுது” என்பான்.

வலைப்பதிவைப் படித்தவர்கள் ‘சூப்பர்’, ‘அருமை’ என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டுப் போனார்கள். அது எனக்கு அலுத்துவிட்டது. இணையத்தில் காமிக்ஸ் படிக்கிறவர்களை அதைப் பற்றி எழுதவைக்க வேண்டும் என்று ஒரு விமர்சனப் போட்டி அறிவித்தேன். இதற்குமுன் எதுவும் எழுதாதவர்கள் மட்டும் எழுதலாம். எந்த இணைய காமிக்ஸைப் பற்றியும் எழுதலாம், ஆனால் கதைச் சுருக்கம் மட்டும் கூடாது. பரிசு, என் அலமாரியிலிருந்த காமிக்ஸ் புத்தகக் கட்டு. ஊரிலிருந்த பிரவுசிங் சென்டர்களில் நானே நோட்டீஸ் ஒட்டினேன்.

வந்த மின்னஞ்சல்களில் பாதி, எழுத்துரு ஒத்துவராமல் வெறும் கட்டங்களாகத் திறந்தன. மீதியில் பல கதைச் சுருக்கங்கள். ஒரு பூனை காமிக்ஸைத் திட்டித்தீர்த்திருந்த விழுப்புரத்துக் கல்லூரிப் பையனின் கட்டுரை மட்டும் வாய்விட்டுச் சிரிக்க வைத்தது. அவனுக்குத்தான் பரிசு என்று மனதுக்குள் முடிவுசெய்த பிறகுதான் அந்த இன்னொன்று வந்தது.

அது என் நண்பனின் காமிக்ஸைப் பற்றியது. ஒரு எழுத்துப்பிழை இல்லை. பாராட்டும் இல்லை.

‘அறையைப் பார்த்து வரைந்திருக்கிறீர்கள். சில இடங்கள் தவறு. மரப்படி இடதுபக்கம் திரும்பும், நீங்கள் வலதுபக்கம் திருப்பியிருக்கிறீர்கள். கண்ணாடியின் மேல் கிடப்பது கோடு போட்ட துணி அல்ல, கட்டம் போட்ட கைலி. அவள் தானாகத் தலை பின்னிக்கொள்ள மாட்டாள். யாராவது பின்னிவிட வேண்டும்.’

யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்துத்தான் நண்பனிடம் படித்துக்காட்டினேன். அவன் சிரிக்கவில்லை.

“மொதல்ல கட்டம்தான்டா போட்டேன்” என்றான். “மடிப்புல கட்டம் சரியா விழல. அழிச்சுட்டுக் கோடு போட்டேன்.”

“யார்கிட்டயாவது காட்டினியா?”

“ஒனக்கே காட்டல. அழிச்சப்புறம்தான் சேவ் பண்ணேன்.”

கட்டுரையின் கீழே விலாசம் இருந்தது. சாரம் பகுதியில் ஒரு டைப்பிங் இன்ஸ்டிட்யூட். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இருவரும் போனோம். தெருவில் நல்ல வெயில். உள்ளே உறை போட்ட டைப்ரைட்டர்கள் வரிசையாக இருந்தன. நடத்துகிற அம்மாவுக்கு ஐம்பதுக்கு மேல் இருக்கும். அவர்தான் எழுதியவர். எங்களைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை.

“வரையறது யாரு, இந்தத் தம்பியா?” என்று நண்பனைச் சரியாகப் பார்த்துக் கேட்டார். “மேல வா.”

மரப்படி இடதுபக்கம் திரும்பியது. பச்சைக் கதவைத் தள்ளித் திறந்தார். எனக்குக் கால் உள்ளே போகவில்லை. வாரம் தவறாமல் நான் திரையில் பார்த்த அறை அது. அதே ஜன்னல், கயிற்றுக் கட்டில், மூலையில் கவிழ்த்துவைத்த குடம். கண்ணாடியின் மேல் கட்டம் போட்ட கைலி கிடந்தது.

“எங்கப்பா சொல்தா” என்றார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். “அவரு வாங்கியாந்த கண்ணாடி. அதுல வேற யாரோ தெரியறாங்கன்னு அக்கா சொல்லிச்சு. அதான் அப்பா கைலியைப் போட்டு மூடுனேன். அப்பவும் அக்கா கீழ வரல. நான்தான் தல பின்னிவுடுவேன். ஒரு நாள் கடைக்குப் போற அவசரத்துல கதவத் தாப்பாப் போடாம போயிட்டேன். திரும்பி வந்தா அக்கா இல்ல. கனகசெட்டிக்குளம் வரைக்கும் கடலோரமாவே தேடினோம். கெடைக்கவேயில்ல.”

அவர் நண்பன் பக்கம் திரும்பினார்.

“அடுத்த பக்கத்துல கதவு தொறந்து கெடக்குது, இல்ல தம்பி?”

அந்தப் பக்கத்தை அவன் முந்தின நாள்தான் வரைந்திருந்தான். இன்னும் ஏற்றவில்லை. திறந்த கதவு, காலிக் கட்டில்.

“ஆமாம்மா” என்றான்.

“அதப் போடாத. நான் போட்டிக்கு எழுதல. வரையறவங்களுக்கு எப்படிச் சொல்லறதுன்னு தெரியல, போட்டிக்கு அனுப்பினா யாராவது படிப்பீங்கன்னு அனுப்பினேன்.”

அன்றே நண்பன் தன் அம்மாவிடம் விசாரித்தான். நானும் கூட இருந்தேன். அந்த வீட்டின் கீழ்ப்பகுதியில் நண்பனின் குடும்பம் ஒருகாலத்தில் குடியிருந்திருக்கிறது. “நீ அப்ப கைக்கொழந்த. அந்த வீட்டு மூத்த பொண்ணு ஒன்னத் தூக்கிட்டு மாடிக்குப் போவும்” என்றார் அவன் அம்மா. எனக்கு மூச்சு வந்தது. குழந்தைப் பருவத்தில் பார்த்தது எங்கேயோ உள்ளே கிடந்திருக்கிறது, அவ்வளவுதானே.

“கண்ணாடிய எப்பவும் மூடியே வச்சிருப்பாங்களாம்மா?” என்று நண்பன் கேட்டான்.

“இல்லியே. அதுல ஒன்னக் காட்டித்தானே அந்தப் பொண்ணு ஒனக்குச் சோறு ஊட்டும். நல்லா சிரிச்சுப் பேசிட்டு இருந்த பொண்ணு. நாம அங்கேருந்து வந்து ரொம்ப நாள் கழிச்சுத்தான் அதுக்கு ஒடம்புக்கு முடியலன்னு கேள்விப்பட்டேன்.”

அப்படியென்றால் மூடிய கண்ணாடியை அவன் குழந்தையாக இருந்தபோது பார்த்திருக்கவே முடியாது.

பரிசை விழுப்புரத்துப் பையனுக்கே அனுப்பினேன். முடிவை அறிவித்தபோது அந்த அம்மாவின் கட்டுரையைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. என்னவென்று எழுதுவது?

திறந்த கதவுப் பக்கத்தை நண்பன் அழித்தான். சில வாரம் எதுவும் வரையவில்லை. பிறகு ஒருநாள் சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டு உட்கார்ந்து ஒரே மூச்சில் வரைந்தான். அந்தப் பெண் முதல்முறையாகத் திரும்பியிருந்தாள். கதவு மூடியிருந்தது. “இதோட முடிச்சுக்கறேன்” என்றான்.

ஏற்றுவதற்கு முன்னால் அந்த அம்மாவிடம் காட்ட வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது. போன் செய்தோம். அவரே பஸ் பிடித்துக் கம்பெனிக்கு வந்தார். பெட்டி வெட்டும் இயந்திரச் சத்தத்துக்கு நடுவே, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து திரையைப் பார்த்தார். நாங்கள் பின்னால் நின்றோம். நண்பன் போட்டோ எதுவும் கேட்கவில்லை, அவரும் காட்டியதில்லை. திரையிலிருந்த முகத்தில் கன்னம் ஒட்டியிருந்தது. காதோரம் முடி வெளுத்திருந்தது.

அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

“அக்காவுக்கு வயசாயிடுச்சு” என்றார்.

டீ வரவழைத்தோம். “இதப் போடு தம்பி” என்று சொல்லிவிட்டு, குடிக்காமலே எழுந்துகொண்டார். பஸ் நிறுத்தம் வரை நண்பன் கூடப் போனான். திரும்பி வந்து அந்தப் பக்கத்தை வலைப்பதிவில் ஏற்றினான்.